கையெழுத்து வைக்கும் முன் ஒரு கணக்கு: நகர ஓட்டத்துக்கு எந்த மோட்டார் சைக்கிள்?

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து பகல் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் பார்த்து எனது தங்கையின் மூத்த மகன் வந்து சேர்ந்தான். கையில் பளபளப்பான மூன்று விளம்பரத் தாள்கள். அவற்றுக்கு அடியில் லீசிங் கம்பனி ஒன்றின் விண்ணப்பப் படிவம்.

"மாமா, இதுல பிணைக்கு ஒரு கையெழுத்து மட்டும் வெச்சா போதும். மத்ததெல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க" என்றான்.

மருமகனுக்கு 23 வயது. புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் வேலை. சம்பளம் 65,000 ரூபா. அதில் 30,000 ரூபாவை வீட்டுக்குக் கொடுக்கிறான். மச்சான் சுகமில்லாமல் வீட்டோடு இருப்பதால் அந்தப் பணத்தில்தான் அடுப்பு எரிகிறது. மாபோளையில் இருந்து கடைக்கு வந்துபோவதற்கும், கடை அலுவலாக நகரத்துக்குள் ஓடித் திரிவதற்கும் அவனுக்கு ஒரு வண்டி தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பஸ்ஸுக்கும் அவசரத்துக்கு ஏறும் முச்சக்கர வண்டிக்கும் மாதம் 7,000 ரூபா வரை போய்க்கொண்டிருந்தது.

ஆனால் அவன் தெரிவு செய்திருந்தது 150 சீசீ வண்டி. முற்பணம் இரண்டு இலட்சம், மீதி ஆறு இலட்சம் லீசிங். முற்பணத்துக்கு என்ன வழி என்று கேட்டேன். "உம்மா காப்பு ரெண்டையும் அடகு வெக்கச் சொல்லிட்டாங்க" என்றான்.

நான் படிவத்தை மடித்து மேசையில் வைத்தேன். "வெக்க மாட்டேன்னு சொல்லல்ல மகன். எனக்கு ரெண்டு கிழமை தா. நீயும் நானும் சேர்ந்து கணக்குப் பாப்போம். அதுக்குப் பிறகும் இதுதான் சரின்னு பட்டா நான் கையெழுத்து வெக்கிறேன்" என்றேன். முகம் சுருங்கியது. ஆனாலும் ஒத்துக்கொண்டான்.

அந்த இரண்டு கிழமைகளில் நாங்கள் பார்த்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். இப்படி ஒரு படிவத்தோடு ஒரு பிள்ளை வந்து நிற்காத வீடு எமது சமூகத்தில் மிகக் குறைவு. யாருக்காவது பயன்படலாம்.

நான் செய்த பிழை

2003ஆம் ஆண்டு நானும் அவனுடைய வயதில் இருந்தேன். நானும் ஒரு 150 சீசீ வண்டிக்குத்தான் ஆசைப்பட்டேன். நான்கு வருட லீசிங். பிணைக்குக் கையெழுத்து வைத்தவர் வாப்பாவின் நண்பர் ஒருவர். முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. பின்னர் நான் வேலை செய்த கடையில் வியாபாரம் படுத்துச் சம்பளம் பிந்தத் தொடங்கியது. மூன்று தவணைகள் பாக்கி விழுந்தன. 2005இல் ஒரு நாள் பகல், கடை வாசலில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க இரண்டு பேர் வந்து வண்டியைக் கொண்டுபோனார்கள்.

22 தவணைகள் கட்டியிருந்தேன். வண்டியும் போய், கட்டிய பணமும் போய், ஏலத்தில் விற்ற பின்னரும் பாக்கி இருப்பதாகக் கடிதம் வந்தது. எனக்கு மட்டுமல்ல, பிணை நின்ற அந்த மனிதருக்கும் வந்தது. அந்தப் பாக்கியை வாப்பாதான் தீர்த்தார். அதன் பின்னர் அந்த நண்பர் எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்துபோனது. வண்டி போனதை மறந்துவிட்டேன். இதை மறக்க முடியவில்லை. பிணைக் கையெழுத்து என்றால் என்ன என்பதை நான் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

முதலில் பாதையை அளந்தோம்

வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் காட்சியறைக்குத்தான் போகிறார்கள். முதலில் போக வேண்டியது தினமும் ஓடப்போகும் பாதைக்கு.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு எனது பழைய வண்டியில் இருவரும் புறப்பட்டோம். மாபோளை, வத்தளை, பேலியகொடை, பாலம், இங்குருகடை சந்தி, ஆமர் வீதி, புறக்கோட்டை. தூரம் பத்தரைக் கிலோமீற்றர். எடுத்த நேரம் 45 நிமிடம். மணிக்குச் சராசரி 14 கிலோமீற்றர் வேகம்! வழி முழுவதும் மீற்றர் முள் 50ஐத் தாண்டவில்லை. அதிகமாக ஓடியது இரண்டாம், மூன்றாம் கியர்களில். க்ளச் பிடித்த இடது கை வலித்ததுதான் மிச்சம்.

"இந்தப் பாதையில உன்ட 150 சீசீ வண்டியிட அஞ்சாங் கியர எங்க போடப்போற?" என்று கேட்டேன். சிரித்தான். பதில் சொல்லவில்லை.

வேகமாக ஓட முடியாத பாதைக்கு வேகமான வண்டி எதற்கு? நகரத்தில் வேண்டியது வேறு. பஸ்ஸுக்கும் முச்சக்கர வண்டிக்கும் இடையில் நுழையக்கூடிய ஒடுக்கமான உடம்பு, நிறுத்தி நிறுத்தி எடுக்கும்போது களைப்புத் தராத குறைந்த பாரம், இரண்டு கால்களும் நிலத்தில் நன்றாக ஊன்றக்கூடிய ஆசன உயரம், நம்பிப் பிடிக்கக்கூடிய பிரேக். இவை நான்கும் இருந்தால் கொழும்புக்குப் போதும். தினமும் ஹட்டன் பக்கம் மலை ஏறுபவருக்கும், கொழும்புக்கும் கண்டிக்கும் இடையில் ஓடுபவருக்கும் கணக்கு வேறு. அவர்களுக்கு 125, 150 தேவைப்படலாம். கெய்சர் வீதிக்கும் பிரதான வீதிக்கும் இடையில் ஓடுபவருக்குத் தேவையில்லை.

அனுமதிப்பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது?

அன்று கடை வாசலில் இறங்கியபோது அவனுடைய சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்தது ஏ1 வகுப்பு. ஏ1 என்பது 100 சீசீக்கு மேற்படாத இலகு மோட்டார் சைக்கிள்களுக்கு மட்டும். அதற்கு மேல் ஓட்ட ஏ வகுப்பு வேண்டும். விளம்பரத் தாள் கொடுத்தவரும் இதைக் கேட்கவில்லை, படிவம் கொடுத்தவரும் கேட்கவில்லை.

இது சிறிய விடயம் அல்ல. அனுமதி இல்லாத வகுப்பு வண்டியை ஓட்டி விபத்தில் சிக்கினால் பொலிஸ் வழக்கு ஒரு பக்கம், காப்புறுதிப் பணம் கிடைக்காமல் போகும் நிலை மறுபக்கம். பஜாஜ் சீடீ 100 வண்டியின் என்ஜின் 99 சீசீ அளவு. ஹீரோ ஸ்ப்ளெண்டர் 97 சீசீ. இவை ஏ1 வகுப்புக்குள் அடங்கும். ஆனால் ஹொண்டா டியோ போன்ற ஸ்கூட்டர்கள் சிறியவையாகத் தோன்றினாலும் 109 சீசீ. அவற்றுக்கும் ஏ வகுப்பு வேண்டும். "ஸ்கூட்டிதானே" என்று நினைத்துப் பிள்ளைகளிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஸ்கூட்டரா, கியர் வண்டியா?

நெரிசலில் ஸ்கூட்டர் சுகம். க்ளச் இல்லை, கியர் இல்லை. ஆசனத்துக்குக் கீழே சாமான் வைக்கலாம். முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு பார்சலையும் வைத்துக்கொள்ளலாம். சாரி, அபாயா அணிந்து ஓட்டும் பெண்களுக்கும் அதுதான் வசதி. வீட்டில் இருவர், மூவர் மாறி மாறி ஓட்டுவதாக இருந்தால் நானும் ஸ்கூட்டரையே சொல்வேன்.

குறைகளும் உண்டு. சில்லு சிறியது. குழியில் விழுந்தால் அடி நேரே முதுகுக்கு வரும். பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும். தாங்கியும் சிறியது. டியோவில் ஐந்து லீற்றர் சொச்சம்தான் பிடிக்கும், சீடீ 100இல் பத்து லீற்றருக்கு மேல் பிடிக்கும். செயினுக்குப் பதிலாக உள்ளே பெல்ட் ஓடுகிறது. அதைக் குறித்த காலத்தில் மாற்றாவிட்டால் ஒரு நாள் நடுவழியில் விட்டுவிடும். மழைக் காலத்தில் ஆமர் வீதிப் பக்கம் வெள்ளம் நிற்பதை நாம் அறிவோம். பெல்ட் இருக்கும் பெட்டி தாழ்வாக இருப்பதால் அதற்குள் தண்ணீர் புகுந்தால் பெல்ட் வழுக்கி வண்டி இழுக்காது. அந்தத் தண்ணீரில் கியர் வண்டி கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். அதற்காக எந்த வண்டியையும் வெள்ளத்துக்குள் விடலாம் என்று நான் சொல்லவில்லை.

மருமகன் தனியாக ஓடுபவன், சாமான் சுமப்பது குறைவு, அனுமதியோ ஏ1. அவனுக்கு 100 சீசீ கியர் வண்டி பொருத்தம் என்று இந்த இடத்தில் ஓரளவு தெளிவானது. அவனுக்கு இன்னும் மனம் வரவில்லை.

பெற்றோல் கணக்கு

விளம்பரத் தாளில் லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது சந்தியும் சிக்னலும் இல்லாத பாதையில், ஒரே சீரான வேகத்தில், பாரம் குறைந்த ஒருவர் ஓட்டிப் பெற்ற எண். நம்முடைய பாதையின் எண் வேறு. அதை அறியும் முறை சுலபம். தாங்கியை நிரப்பி மீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்து நாள் வழக்கம்போல் ஓட்டுங்கள். மறுபடியும் நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லீற்றரால் பிரியுங்கள். அதுதான் உண்மை.

நான் கடைத் தெருவில் தெரிந்தவர்களிடம் இப்படிக் கேட்டும், எனது வண்டியில் அளந்தும் ஒரு கணக்குப் போட்டேன். நகர நெரிசலில் 100 சீசீ வண்டி 60, ஸ்கூட்டர் 45, 150 சீசீ வண்டி 40. ஓட்டுபவரைப் பொறுத்து இது கூடிக் குறையும். மருமகன் ஒரு நாளில் ஓடும் தூரம் 30 கிலோமீற்றர். மாதத்தில் 26 நாள் வேலை. மொத்தம் 780 கிலோமீற்றர். பெற்றோல் விலை அடிக்கடி மாறுவதால் கணக்கு வசதிக்காக லீற்றருக்கு 300 ரூபா என்று வைத்துக்கொண்டோம்.

100 சீசீ வண்டிக்கு 13 லீற்றர், 3,900 ரூபா. ஸ்கூட்டருக்கு 17 லீற்றர் சொச்சம், 5,200 ரூபா. 150 சீசீ வண்டிக்கு 19.5 லீற்றர், 5,850 ரூபா. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் மாதம் 1,950 ரூபா வித்தியாசம். வருடத்துக்கு 23,400 ரூபா. விலை ஏறினால் வித்தியாசமும் ஏறும்.

பணத்தை விட முக்கியமான ஒன்றை 2022 எமக்குக் கற்றுத் தந்தது. அந்த வருடம் ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவை எட்டியது. பணம் இருந்தும் பெற்றோல் இல்லை. பின்னர் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் என்று ஆரம்பித்தார்கள். 2023 செப்டெம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டது. நான்கு லீற்றரில் 100 சீசீ வண்டி 240 கிலோமீற்றர் ஓடும், 150 சீசீ வண்டி 160 ஓடும். ஆறு நாள் வேலைக்கு மருமகனுக்கு 180 தேவை. ஒரு வண்டி கிழமை முழுவதும் வேலைக்குக் கொண்டுபோகும். மற்றது வெள்ளிக்கிழமையோடு நின்றுவிடும். அந்த நாட்களில் நான் ஒரு நாளும் வேலையைத் தவறவிடாமல் ஓடியது எனது பழைய 100 சீசீ வண்டியால்தான். இந்தக் கணக்கைச் சொன்னபோதுதான் அவன் முதன்முறையாகத் தாளை எடுத்துத் தானும் எழுதிப் பார்த்தான்.

பஞ்சிகாவத்தைச் சோதனை

அடுத்ததாக அவனைப் பஞ்சிகாவத்தைக்கு அனுப்பினேன். உதிரிப் பாகக் கடைகள் நிறைந்த அந்தத் தெருவில், அவன் மனதில் உள்ள ஒவ்வொரு வண்டிக்கும் ஆறு சாமான்களின் விலையை மூன்று கடைகளில் கேட்டு எழுதி வரச் சொன்னேன். க்ளச் கேபிள், பிரேக் ஷூ அல்லது பேட், செயினும் பல்சக்கரமும் சேர்ந்த செட், பின் டயர், முன் விளக்கு, பக்கக் கண்ணாடி. இவைதான் நகரத்தில் ஓடும் வண்டிக்கு அடிக்கடி மாற்ற வேண்டி வருபவை.

அவன் எழுதி வந்த தாளில் இரண்டு விடயங்கள் தெளிவாகத் தெரிந்தன. ஒன்று, பெரிய வண்டியின் சாமான்கள் ஏறக்குறைய எல்லாமே விலை கூடியவை. மற்றது, வீதியில் அதிகமாக ஓடும் மொடல்களுக்கு மூன்று கடைகளிலும் சாமான் இருந்தது, அசல் சாமானும் இருந்தது, மலிவு நகலும் இருந்தது. அவன் விரும்பிய வண்டியின் முன் விளக்குக்கு இரண்டு கடைகளில் "ஓடர் பண்ணோணும்" என்றார்களாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 203 ரூபாவில் இருந்து 360 ரூபாவுக்கு ஏறியது. தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் அபூர்வமான மொடல் வைத்திருந்தவர்கள் ஒரு சிறு சாமானுக்காக வண்டியை மாதக்கணக்கில் மூலையில் வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஓட்டும் வண்டியில் அழகு இல்லை என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். ஆனால் எல்லோரும் ஓட்டும் வண்டிக்குத்தான் சந்திக்குச் சந்தி சாமானும், கைப்பழக்கமுள்ள பாஸும், விற்கும்போது வாங்க ஆளும் இருக்கிறார்கள்.

மின்சார ஸ்கூட்டரையும் யோசித்தோம். தினம் 30 கிலோமீற்றர் ஓடுபவருக்கு அது பொருத்தமானதே. ஆனால் மருமகன் வீட்டில் மின் இணைப்புள்ள இடத்துக்கு வண்டியை ஏற்ற முடியாது, மாடிப்படி. வாங்குவோர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். வண்டியை முறையாகப் பதிவு செய்ய முடியுமா? பற்றரிக்கு எத்தனை வருட உத்தரவாதம், அது முடிந்த பின் புதிய பற்றரியின் விலை என்ன? கொண்டுவந்த கம்பனி ஐந்து வருடங்களின் பின்னும் சாமானோடு இருக்குமா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

இலட்சத்துக்கு நாலாயிரம்

இப்போது படிவத்துக்கு வருவோம். லீசிங் கம்பனியில் அவனிடம் சொல்லப்பட்டது, "இலட்சத்துக்கு மாதம் 4,000 ரூபா, 36 மாதம்" என்பது. கேட்கும்போது சிறிய தொகையாகவே தோன்றும். 36 மாதத்தில் ஓர் இலட்சத்துக்குக் கட்டுவது 144,000 ரூபா. மேலதிகம் 44,000. இதை மூன்று வருடத்துக்குப் பிரித்து "வருடத்துக்கு 15 வீதம்கூட இல்லை" என்று சொல்வார்கள். ஆனால் நாம் மாதாமாதம் முதலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். முழு இலட்சமும் மூன்று வருடமும் எமது கையில் இருப்பதில்லை. குறைந்துவரும் நிலுவை மீது கணக்கிட்டால் உண்மையான வீதம் வருடத்துக்கு 25ஐத் தாண்டுகிறது. ஆகவே எந்தக் கம்பனியிலும் வீதத்தைக் கேட்கும்போது "குறைந்துசெல்லும் நிலுவைக்கு எத்தனை?" என்று கேளுங்கள். மொத்தமாக எவ்வளவு கட்டி முடிப்பேன் என்றும் கேளுங்கள்.

வட்டியைத் தவிர்க்க இஜாரா, முராபஹா முறையில் வாங்க விரும்புபவர்களுக்கும் இதே புத்திமதிதான். மொத்தத் தொகை, தவணை பிந்தினால் என்ன நடக்கும், இடையில் முடித்துக்கொண்டால் என்ன கழிவு, காப்புறுதி யார் பொறுப்பு என்பவற்றை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பெயர் சரியாக இருப்பது மட்டும் போதாது, தவணை எமது சம்பளத்துக்குத் தாங்க வேண்டும்.

மருமகனின் கணக்கு இதுதான். ஆறு இலட்சத்துக்குத் தவணை மாதம் 24,000. பெற்றோல் 5,850. ஒயில், டயர், செயின் என்று மாதத்துக்கு ஒதுக்க வேண்டியது 2,500. லீசிங் வண்டிக்கு முழுக் காப்புறுதி கட்டாயம் கேட்பார்கள். அதையும் வருமான அனுமதிப்பத்திரத்தையும் மாதத்துக்குப் பிரித்தால் 1,650. மொத்தம் 34,000 ரூபா. சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக அவன் கையில் இருப்பது 35,000. மீதி ஆயிரம் ரூபா. அதில்தான் பகல் சாப்பாடு, தொலைபேசி, சட்டை, சுகவீனம் எல்லாம். அடகு வைத்த காப்பை மீட்பது இந்தக் கணக்கிலேயே இல்லை.

தாளின் அடியில் அந்த ஆயிரத்தை எழுதிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "ஒரு மாசம் சம்பளம் பிந்தினா?" என்று அவனே கேட்டான். 2005இல் கடை வாசலில் நடந்ததை அப்போதுதான் அவனிடம் சொன்னேன்.

பழைய வண்டி, பத்திரம் கவனம்

அவனிடம் சேமிப்பு ஓர் இலட்சம் இருந்தது. 15 பேர் சேர்ந்து பத்தாயிரம் கட்டிய சீட்டில் கடைசி முறை அவனுடையது. அது ஒன்றரை இலட்சம். இந்தப் பணத்துக்குப் புதிய வண்டி கிடையாது. பாவித்த 100 சீசீ வண்டி தேடினோம். எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாஸையும் கூட்டிக்கொண்டு ஐந்து வண்டிகள் பார்த்தோம். நான்கைத் தள்ளிவிட்டோம்.

பாஸ் பார்த்த முறையைச் சொல்கிறேன். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நாம் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். சைலென்சரில் நீலப் புகை வந்தால் உள்ளே ஒயில் எரிகிறது. நேரான பாதையில் மெதுவாக ஓட்டும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் எப்போதோ அடிபட்டிருக்கிறது. கிலோமீற்றர் மீற்றரை நம்ப வேண்டாம், அதைத் திருப்பலாம். கால் வைக்கும் றப்பரும் கைப்பிடியும் தேய்ந்திருக்கும் அளவு பொய் சொல்லாது.

பத்திரம் அதைவிட முக்கியம். பதிவுப் புத்தகத்தில் உள்ள என்ஜின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் வண்டியில் வெட்டியிருக்கும் இலக்கங்களோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அது நீக்கப்படும் வரை பணம் கொடுக்கக் கூடாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்துப் பதிவு விபரங்களைப் பெற வழி உண்டு. சிறு கட்டணம்தான், தயங்க வேண்டாம். கையெழுத்து மட்டும் வைத்த "ஓப்பன் பேப்பர்" வண்டிகளை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். நாம் பார்த்த ஐந்தில் இரண்டு அப்படிப்பட்டவை. விற்றவரும் உடமை மாற்றத்தை உடனே செய்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் வாங்கியவர் செய்யும் விபத்துக்கு விற்றவரின் வீட்டுக்குப் பொலிஸ் வரும்.

ஐந்தாவது வண்டி ஓர் ஆசிரியர் ஓட்டியது. முதல் உரிமையாளர். சேவிஸ் புத்தகமும் பத்திரங்களும் ஒழுங்காக இருந்தன. விலை 3 இலட்சத்து 40 ஆயிரம். குறைந்த 90,000 ரூபாவை நான் கைமாற்றாகக் கொடுத்தேன். மாதம் 7,500 வீதம் பன்னிரண்டு மாதத்தில் திருப்பித் தருவதாகப் பேச்சு. அதையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்தோம். சொந்தத்துக்குள்ளும் எழுதி வைப்பதே அழகு.

இப்போது அவனுடைய மாதச் செலவு இது. எனக்கு 7,500, பெற்றோல் 3,900, பராமரிப்புக்கு ஒதுக்குவது 2,000, மூன்றாந்தரப்புக் காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் சேர்த்து மாதத்துக்கு 600. மொத்தம் 14,000 ரூபா. கையில் 21,000 மிஞ்சுகிறது. எனது கடன் தீர்ந்த பின் செலவு 6,500தான். பஸ்ஸுக்கும் முச்சக்கர வண்டிக்கும் கொடுத்த 7,000ஐ விடக் குறைவு. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாந்தரப்புக் காப்புறுதி வண்டி களவு போனால் உதவாது. ஆகவே நல்ல பூட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

மிஞ்சிய பணத்தில் முதலில் வாங்க வைத்தது முகம் மூடிய, எஸ்.எல்.எஸ். முத்திரையுள்ள ஹெல்மட். அதன் பிறகு இரண்டு புதிய டயர்கள், மழைக் கோட். எமது நாட்டில் வருடந்தோறும் 2,000 பேருக்கு மேல் வீதி விபத்தில் உயிரிழக்கிறார்கள். அவர்களில் அதிகமானோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இலட்சக்கணக்கில் வண்டிக்குக் கொடுத்துவிட்டு ஹெல்மட்டில் ஆயிரம், இரண்டாயிரம் மிச்சம் பிடிப்பதைப் போன்ற நட்டம் வேறில்லை.

அந்தப் படிவம் இன்னும் எனது மேசை லாச்சியில் மடித்தபடியே இருக்கிறது. போன கிழமை மருமகனின் பின்னால் உட்கார்ந்து மருதானை வரை போனேன். சிக்னலில் பக்கத்தில் ஒரு புதிய 150 சீசீ வண்டி வந்து நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆசை விடல்லையா?" என்று கேட்டேன். "விடல்ல மாமா. ஏ வகுப்பு எடுத்துட்டு, முழுக் காசும் சேர்ந்த பிறகு பாப்போம்" என்றான். பச்சை விழுந்தது. இரண்டு வண்டிகளும் ஒன்றாகப் புறப்பட்டு அடுத்த சிக்னலில் ஒன்றாகவே நின்றன.

தங்கையின் கையில் காப்பு இரண்டும் அப்படியே இருக்கின்றன.